பரிக்கு இட்ட விருந்து

திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், குன்றின் அடிவாரத்தில் சந்திரகிரிக் கோட்டை நிற்கின்றது. தொழிலின் பொருட்டு இப்பகுதிக்கு வந்து குடியேறிய நம் காலனிக் குடும்பங்கட்கு, அது விடுமுறை நாளில் கட்டுச்சோற்றுடன் சென்று வரும் இடமாகும். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த அவ்வூர், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. மாவட்டத்தின் பெயர் மாறினும் கோட்டையின் பெருமை மாறவில்லை.

சென்ற முறை நாம் அங்குச் சென்றிருந்தபோது, அரச மாளிகையின் முன்னே நின்று, விசயநகர மன்னர்தம் பெயர்களையும் ஆண்டுகளையும் குழந்தைகட்கு அடுக்கிக்கொண்டிருந்தோம். குதிரைப் படையின் வலிமையைப் பற்றிக் கூறுங்கால், சிறுமி ஒருத்தி குறுக்கிட்டு, “அந்தக் குதிரைகள் எல்லாம் என்ன தின்றன?” என வினவினாள். நாம் வாயடைத்து நின்றோம். படைகள் மோதியதைக் கற்ற நாம், படைக்குதிரை எதை உண்டு உயிர் வாழ்ந்தது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. அச்சிறுமிக்குக் கூறவேண்டிய விடையைத் தேடிப் புகுந்தபோது, தமிழகத்தின் பொன்னெல்லாம் ஒரு காலத்தில் எவ்வாறு கடலில் கரைந்தது என்னும் வரலாறே நம் கண்முன் விரிந்தது. அதனையே இம்மலரில் அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

கடல் கடந்து வந்த பரி

தமிழர்க்குக் குதிரை புதியதன்று. பரி, புரவி, இவுளி, மா எனப் பல பெயரிட்டு அதனை நம் முன்னோர் போற்றினர். ஆயினும், சிறந்த குதிரை நம் மண்ணில் பிறந்ததன்று, மரக்கலத்தில் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் கடல்வழி வந்து இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் குறிக்கின்றன. பாண்டியன் அளித்த பொன்னுடன் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரே மாணிக்கவாசகர் என்பதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவில் மீண்டும் நரிகளாயின என்பதும் நாம் யாவரும் குழந்தைப் பருவத்திலேயே கேட்ட கதையாம். அரசனது கருவூலப் பொன்னை ஓர் அமைச்சரிடம் ஒப்புவித்துக் குதிரை வாங்க அனுப்புவது அந்நாளில் இயல்பான அரச காரியமாக இருந்தது என்பதையும் அக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

அவ்வாறு சென்ற பொன் எவ்வளவு? கி.பி. 1300ஆம் ஆண்டையொட்டி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் அதற்குக் கணக்குத் தருகின்றார். பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் என்பார், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது நம் சோழமண்டலக் கரைப் பகுதிக்கு, அனுப்ப உடன்பட்டிருந்தார். அதற்கு முன்னரே மாபாருக்கும், காம்பே முதலிய துறைகட்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் எழுதுகின்றார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என்பது நெடுநாளைய விலையாம். வழியிலே குதிரை இறந்துபடினும் அவ்விலையை அரசு கருவூலம் தந்துவிடும் என்பதும் உடன்பாடு. இவ்வரிய வணிகத்தில் இழப்பு விற்பவனுக்கு இல்லை, வாங்குபவனுக்கே உண்டு!

விருந்தே நஞ்சாயிற்று

இத்துணைப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் எத்துணைக் காலம் வாழ்ந்தன? கி.பி. 1292ஆம் ஆண்டையொட்டிப் பாண்டி நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கூறும் விடை நெஞ்சைத் திடுக்கிடச் செய்வது. அரசனும், அரசர்களாகவே விளங்கிய அவன் உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைத் தனித்தனியே வாங்க விழைவராம். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறும் எஞ்சுவதில்லையாம். குதிரையைப் பேணும் முறை இங்குள்ளார்க்குச் சிறிதும் தெரியாது என்பதும், குதிரை மருத்துவம் அறிந்தவர் இங்கு இல்லை என்பதும் அவர் காட்டும் காரணங்கள். அம்மருத்துவர் எவரும் இந்நாட்டுக்குச் சென்றுவிடாதபடி குதிரை வணிகரே தடுத்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு வணிகம் பிழைக்காதன்றோ!

வழிப்போக்கர் எழுதும் எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. வியப்பை ஊட்ட விரும்பிச் சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால், ஒருவரை ஒருவர் அறியாத இருவர், வெனிசு வணிகரும் பாரசீக வரலாற்றாசிரியரும், ஒரே குறையைக் கூறுகின்றனர் என்பதை நாம் புறக்கணித்தல் இயலாது.

இங்குள்ளோர் குதிரைக்கு அரிசியுடன் ஊனைக் கலந்து வேகவைத்துக் கொடுத்தனர் என்பது போலோவின் கூற்று. பச்சை வாற்கோதுமையைத் தருவதற்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், நெய்யிட்டுச் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர் என்பது வஸ்ஸாப்பின் கூற்று. கொழுப்பதற்காக நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் லாயத்திலேயே கட்டி வைத்து, பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி ஏறி விரட்டினர் என்றும், வலிமையும் விரைவும் உடைய குதிரைகள் சின்னாளிலேயே சோர்ந்து பயனற்றுப் போயின என்றும் அவர் மேலும் கூறுகின்றார்.

அன்பர்களே, இவ்வுணவுப் பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். நெய், பால், சோறு, ஊன்! இது பகைவன் இட்ட உணவன்று. விருந்தினர்க்கு நாம் இடும் உணவு. தொலைவிலிருந்து வந்த உயிர்க்கு, வீட்டிலுள்ளவற்றுள் சிறந்ததை எடுத்துப் படைத்தனர் நம் முன்னோர். அவர்களிடம் அன்பு குறைவில்லை; பொருளும் குறைவில்லை. வந்த விருந்தின் உடல் எத்தகையது என்னும் அறிவு ஒன்றே குறைவாயிருந்தது. அதனால் விருந்தே நஞ்சாயிற்று.

பசுவைப் பேணிப் பழகிய கண், குதிரையையும் மற்றொரு பசுவாகவே கண்டது போலும். பசு மேய்ந்ததை அசை போடும். அதன் பெரிய முன்வயிறு பல உணவையும் தாங்கும். குதிரை அசை போடுவதில்லை. அதன் இரைப்பை உடலளவுக்கு மிகச் சிறியது. உண்டது ஒவ்வாவிடினும் அதனால் வாந்தி எடுக்க இயலாது. புல்லின் நாரைச் செரிக்கும் வேலை அதன் பெருங்குடற் பகுதியில் நடைபெறுகின்றது. ஆகவே, நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் நடந்துகொண்டே சிறிது சிறிதாகப் புல் கறிப்பதற்கென அமைந்த உடல் அது. அதற்கு மாவுப் பொருளை ஒரே வேளையில் மிகுதியாக இட்டால், அது குடலிற் சென்று புளிக்கின்றது. வயிற்றுச் சூலை எழுகின்றது. குளம்பின் உள்ளே அழற்சி தோன்றி, நிற்கவும் மாட்டாமல் குதிரை படுத்துவிடுகின்றது. நிறைய உண்ணச் செய்து ஓய்வாகக் கட்டிவைத்துத் திடீரென ஓட்டினால், தசைகள் இறுகிக் கட்டிப்போகும் நோய் வருகின்றது. ஞாயிறு ஓய்ந்து திங்களன்று வேலைக்குச் செல்லும் வண்டிக் குதிரைகளிடம் இதனைக் கண்ட மேனாட்டார், இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயரிட்டனர். நாற்பது நாள் லாயத்துக் கதையின் முடிவு நமக்கு இப்போது விளங்குகின்றதன்றோ?

வாலுக்கும் விலை தந்த சந்திரகிரியார்

பாண்டியரோடு இக்கதை முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, நாம் கட்டுச்சோறு உண்ட இச்சந்திரகிரியிலேயே அது தொடர்கின்றது.

சந்திரகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டவர் சாளுவ நரசிம்மர். திருமலைக் கோயிலுக்கு அவர் செய்த அறங்களைக் கூறும் கல்வெட்டுகள் உள்ளன. அக்கோயிற் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே பொறிக்கப்பட்டவை என்பது இங்கு வாழும் தமிழராகிய நமக்கு உவகை தருவதாகும். கி.பி. 1485இல் அவர் விசயநகர அரியணையையே கைக்கொண்டார்.

அதற்கு முன்னர், 1472இல் கோவாத் துறைமுகம் பாமினியர் வசமாயிற்று. குதிரை வரும் வாயில் அடைபட்டது. குதிரை இல்லையேல் படை இல்லை. படை இல்லையேல் அரசு இல்லை. ஆகவே, ஹொன்னாவர், பட்கல், பாக்கனூர், மங்களூர் ஆகிய மேலைக்கரைத் துறைகளைத் தம் ஆட்சியில் கொணர்ந்து, குதிரை வணிகத்தை அவர் மீண்டும் தழைக்கச் செய்தார். ஏறத்தாழ 1535இல் எழுதிய போர்ச்சுகீசியரான நூனிஸ், இம்மன்னரைப் பற்றி வியத்தகு செய்தி ஒன்றைத் தருகின்றார். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை, ஆயிரம் பர்தாவுப் பொன்னுக்கு மூன்று என்னும் விலையில், உயிருடன் இருப்பினும் இறந்திருப்பினும் அவர் வாங்கிக்கொண்டாராம். கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதுமாம்; முழு விலையும் கிடைக்குமாம்!

இதனை அரசரின் பேதைமை என நகைத்துவிடுதல் எளிது. ஆயின், வணிகன் கலமேற மறுத்தால் குதிரையே வாராது என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. இழப்பைத் தாம் ஏற்றுக்கொண்டால்தான் வணிகன் துணிந்து வருவான் என்று அவர் கணித்தார். அரசியல் நோக்கில் அது சரியான கணக்கே. ஆனால், அந்தக் கணக்கின் சுமையைத் தாங்கியவன் யார்? வானம் பார்த்த நிலத்தில் உழுது வரி செலுத்திய குடியானவனே அன்றோ?

பின்வந்த விசயநகர மன்னர் காலத்தில் குதிரை பேணுதல் ஓரளவு திருந்திய துறையாயிற்று. அரசர் ஆண்டுதோறும் ஓர்முசுக் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளுமாக 13,000 வாங்கினார் என்றும், குதிரைகளைப் பேணுவோர் 1,600 பேரும், பழக்குவோர் 300 பேரும் அவரிடம் இருந்தனர் என்றும் நூனிஸ் எழுதுகின்றார். வீரர்கட்கு அளித்த குதிரைகட்கெல்லாம் அரச முத்திரை சூடிடப்பட்டது. குதிரை இறந்தால், முத்திரையுள்ள தோல் துண்டைக் கொண்டுவந்து காட்டி, வேறொன்று பெறவேண்டும். கடலில் இறந்ததற்கு வால். நிலத்தில் இறந்ததற்குத் தோல்! கணக்கு எழுதும் முறை வளர்ந்தது. எனினும், ஏன் இறந்தது என்னும் வினாவுக்கு அக்கணக்கில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

தட்பவெப்பமா, அறியாமையா?

நம் நாட்டு வெப்பமே குதிரைக்குப் பகை என்று கூறுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஈரமும் புழுக்கமும் மிக்க இடங்களில் கடிக்கும் ஈக்கள் பெருகும். அவை பரப்பும் ‘சுர்ரா’ என்னும் நோயின் கிருமியை 1880இல் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் இந்தியாவிலேயே கண்டறிந்தார். அக்கிருமிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது.

ஆயினும், வெப்பம் மட்டுமே காரணமாயின், நாட்டுக் குதிரைகள் எவ்வாறு வாழ்ந்தன? வீரர்கட்குப் பெரும்பாலும் அளிக்கப்பட்டவை ஆயிரம் பர்தாவுக்குப் பன்னிரண்டும் பதினைந்துமாக வாங்கிய நாட்டுக் குதிரைகளே என நூனிஸ் கூறுகின்றார். ஓர் ஓர்முசுக் குதிரையின் விலைக்கு நான்கைந்து நாட்டுக் குதிரைகள்! பீமா ஆற்றங்கரையில் வளர்ந்த சிறு குதிரைகளின் மீதேறி வந்த மராட்டியர் 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினர். கிடைத்த புல்லைத் தின்று நெடுவழி நடந்தவை அக்குதிரைகள்.

குதிரை நூல்களும் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வடமொழியில் பரி நூல்கள் வழங்கின. நகுலன் பெயரிலுள்ள அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952இல் அச்சிட்டு வெளியிட்டது. அரளிச் செடிக்கு வடமொழியாளர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘அசுவமாரகம்’, அதாவது குதிரைக் கொல்லி என்பது. நம் வீட்டு முற்றத்தில் பூத்து நிற்கும் அரளியின் இலை, குதிரையின் உயிரைப் போக்கவல்லது என்பதை முன்னோர் அறிந்து பெயரிலேயே பொறித்துவைத்தனர். ஆக, அறிவு ஏட்டில் இருந்தது; லாயத்தில் இல்லை. ஏடு அறிந்தவன் குதிரையைத் தொடவில்லை. குதிரையைத் தொட்டவனுக்கு ஏடு எட்டவில்லை. நம் நாட்டின் பல துறைகளை அழித்த பிளவு இதுவே.

கொள்ளும் அறுகும்

அப்பிளவை ஓரளவு நிரப்பியவர்கள் பெயர் தெரியாத எளிய மக்கள். வாற்கோதுமை விளையாத இத்தென்னாட்டில், அதற்கு ஈடாக எதைத் தருவது என்னும் வினாவுக்குப் புன்செய் உழவன் தந்த விடை கொள்ளு ஆகும். இராயலசீமைச் செம்மண்ணில், மழை பொய்த்த ஆண்டிலும் கைகொடுக்கும் பயிர் அது. இங்குள்ள தெலுங்கு நண்பர்கள் ‘உலவலு’ என்பதும் இதுவே. அதனை வேகவைத்த நீரிலிருந்து பிறந்த உலவச்சாறு நம் காலனிப் பந்திகளிலும் இன்று இடம்பெற்றுவிட்டது. கொள்ளில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு புரதம் உண்டு. பச்சையாக இட்டால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் அதில் உள்ளன. ஊறவைத்தோ வேகவைத்தோ தந்தால் அவை குறைகின்றன. இவ்வேதியியலை அறியாத குதிரைக்காரன், கொள்ளை வேகவைத்து ஆறவிட்டு அளந்து இட்டான். “கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்” என்னும் பழமொழி அவன் லாயத்தில் பிறந்ததே.

ஆனால், கொள்ளு துணை உணவே. புல்லே முதல் உணவு. கும்பினியாரின் சென்னைக் குதிரைப் படையில், குதிரை ஒன்றுக்குக் குதிரைக்காரன் ஒருவனும் புல்லறுப்பவர் ஒருவரும் இருந்தனர். புல்லறுப்பவருள் பெண்களும் பலர். அவர்கள் நாள்தோறும் வெளியே சென்று அறுகம்புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, மண்ணை உதறி, அலசிக் கட்டாகக் கட்டிக் கொணர்ந்தனர். மண்ணோடு தின்றால் அது குடலில் தங்கிச் சூலை தரும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். படைத் தலைவர்கட்குச் சிலை உண்டு. அறுகு செதுக்கிய அந்த அம்மையார்க்கு ஒரு வரியேனும் வரலாற்றில் உண்டா?

புல்லின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்த ஒரு படைத்தலைவர் ஐதர் அலி. 1780இல் அவர் கருநாடகத்தில் புகுந்தபோது, சென்னையைச் சுற்றியிருந்த நாட்டைப் பாழாக்கி, ஆங்கிலேயர்க்குத் தீனியும் தீவனமும் கிட்டாமற் செய்தார். 1781 சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயர் வென்றபோதிலும், உணவும் வண்டி மாடுகளும் இன்றி அவர்தம் படை அடிக்கடி முடங்கியது. அதே ஐதர், 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர் நீத்தார். இவ்வனுபவத்தின் பின்னர்க் கும்பினியாரும் குதிரைப் பண்ணையின் இன்றியமையாமையை உணர்ந்தனர். 1824இல் ஓசூருக்கு அருகே மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அப்பரப்பு, இன்று தமிழ்நாட்டு அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்குகின்றது.

மேய்ச்சல் நெறி

இன்றைய கால்நடை அறிவியல் கூறுவதும், அக்குதிரைக்காரன் அறிந்ததும் பெரும்பாலும் ஒன்றே. குதிரையின் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு நாள்தோறும் உலர்ந்த தீவனம் வேண்டும்; 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது ஏறத்தாழ 8 கிலோ ஆகும். அதிற் பெரும்பகுதி புல்லாகவே இருத்தல் நன்று. தானியத்தை ஒரே வேளையில் கொட்டாமல், பல வேளையாகப் பகிர்ந்து தரவேண்டும். முதல் மழைக்குப்பின் தழைத்த இளம்புல்லில் குதிரையைத் திடீரென விடுதல் கூடாது. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்தாற்போல் தின்று நோயுறும். முதல் நாள் சிறிது நேரம், மறுநாள் சற்று மிகுதி என, இரண்டு வாரத்தில் பழக்குதல் வேண்டும். தூய நீரும், உப்பும், நிழலும், குளம்பைத் தூய்மை செய்யும் கையும் நாள்தோறும் வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் சாணத்தை அகற்றிவந்தால் குடற்புழுக்கள் குறையும். குதிரை மேய்ந்த இடத்தில் அடுத்து மாட்டை மேயவிடுவதும் நன்று. குதிரைக்குத் தீங்கு செய்யும் புழுக்கள் பெரும்பாலும் மாட்டின் வயிற்றில் வாழமாட்டாமல் அழிந்துவிடும்.

இவற்றுள் எதற்கேனும் 220 செம்பொன் தினார் வேண்டுமா? புல்லும், நீரும், பொறுமையும், கற்றுக்கொள்ளும் மனமும் போதுமே! இவை இருந்திருப்பின் அரேபியக் கலங்கள் ஆண்டுதோறும் பொன் நிரம்பித் திரும்பியிருக்க வேண்டியதில்லை.

நமக்கு ஒரு பாடம்

மார்க்கோ போலோ அன்று தேடிக் காணாத குதிரை மருத்துவரை இன்று நாம் தேடி அலைய வேண்டுவதில்லை. சென்னையில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. நாம் வாழும் இத்திருப்பதியிலேயே 1955இல் மற்றொரு கல்லூரி தோன்றி, நாட்டின் பல பகுதிகட்கும் மருத்துவர்களை அளித்துவருகின்றது. நம் காலனிப் பிள்ளைகள் அவ்வாயிலில் நுழையும்போது, ஓர் அரசின் கருவூலத்தால் வாங்க முடியாமற் போன செல்வத்தைத் தேடியே நுழைகின்றனர் என்பதை நினைவிற் கொள்வார்களாக.

குடிபெயர்ந்து வாழும் நமக்கு இவ்வரலாறு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. கடல் கடந்து வந்த குதிரையும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்த உயிரே. தன் நாட்டு வாற்கோதுமையை மறந்து, இந்நாட்டுக் கொள்ளையும் அறுகையும் ஏற்றுக்கொண்ட குதிரை வாழ்ந்தது. வந்த உயிரின் இயல்பை அறிந்து உணவிட்ட லாயமும் வாழ்ந்தது. இரண்டில் ஒன்று தவறினும் எஞ்சியது வால் ஒன்றே. ஒருவரைப் பேணுவதென்பது நமக்கு இனியதை அவர் வாயில் இடுவதன்று. அவர்க்கு ஏற்றது எதுவெனக் கேட்டறிந்து இடுவதே ஆகும். வீட்டில் முதியோர்க்கும், பள்ளியில் குழந்தைகட்கும், நம் தெருவில் புதிதாகக் குடிவரும் அயலார்க்கும் இது பொருந்தும்.

அடுத்த விடுமுறையில் சந்திரகிரிக்குச் செல்லும்போது, வினா எழுப்பிய அச்சிறுமிக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். “அம்மா, அரசர்கள் நெய்ச்சோறு இட்டார்கள், குதிரைகள் இறந்தன. புல்லறுப்பவள் அறுகம்புல் இட்டாள், குதிரைகள் பிழைத்தன” என்பதே அவ்விடை.